சிவனம்மாள் வளர்த்த மயிலை

நான் லாரி ஓட்டுகிறவன். வெங்காயமும் வத்தலுமாக மாசத்துக்கு ஆயிரம் மைல் சக்கரத்தின் மேலேயே போகிறவன். அப்படிப்பட்ட நான், வடமதுரைக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து திண்டுக்கல் வரைக்கும் பன்னிரண்டு மைல், ஒரு நாய்க்குட்டியைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தே வந்திருக்கிறேன். வழியில் பஸ்ஸை நிறுத்தி, "ஏறுங்கண்ணே" என்று கூப்பிட்டார் கண்டக்டர் அருளப்பன். மாட்டேன் என்றேன். லாரிக்கார ராமருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று அன்றைக்கே திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் சொல்லிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அந்தக் குட்டியைக் கொடுத்த சிவனம்மாளை அவருக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும். அவள் புருசன் மலைச்சாமி எனக்குச் சொந்தம், மாப்பிள்ளை முறை. அதனால் அவள் எனக்குத் தங்கச்சி முறை. கோவில்பட்டிக்கு மேற்கே ஒரு கரிசல் ஊரில் பிறந்தவள். கல்யாணச் சீரில் பித்தளைக் குடம், அண்டா, பாய், தலையணை எல்லாம் வந்தது. கூடவே ஒரு பெட்டை நாய்க்குட்டியும் வந்தது. கறுப்பு உடம்பு, கால் மட்டும் தவிட்டு நிறம், ஊசி மாதிரி மூஞ்சி. கன்னி நாய் என்பார்கள். அந்தப் பக்கத்தில் பெண்ணுக்குச் சீராகக் கன்னி கொடுப்பது உண்டு. எங்கள் ஆட்களுக்கு அது புதுசு. பந்தலிலேயே சிரித்தார்கள். அவள் கண்டுகொள்ளாமல், குட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் மாட்டுவண்டியில் ஏறினாள்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு. அதற்குப் பிறகு பத்து வருசத்தில் அந்தக் கன்னியின் பிள்ளை, பேத்தி என்று அந்த வீட்டில் நாய் இல்லாத நாளே கிடையாது. எல்லாம் அவள் கைவளர்ப்பு. மலைச்சாமிக்குப் புஞ்சையில் சோளமும் கடலையும். அவளுக்குக் கிணற்றோரத்தில் ஒரு துண்டு நிலத்தில் கனகாம்பரம். விடிந்ததும் பூப்பறிப்பாள். பூக்கூடைக்குப் பக்கத்தில் குட்டிகள் உருண்டுகொண்டிருக்கும்.

குட்டி வளர்ப்பதில் அவளுக்கென்று சில சட்டங்கள் இருந்தன. கண் திறந்த குட்டியை ஒவ்வொன்றாகத் தானியம் புடைக்கிற சுளகில் விட்டு, சுளகை உரல் மேல் வைப்பாள். விளிம்புக்கு வந்து மோந்து பார்த்துவிட்டுத் திரும்புகிற குட்டிதான் வேட்டைக்குத் தேறும் என்று அதை ஒரு பக்கம் வைப்பாள். யோசிக்காமல் விழுகிறதைக் கையில் ஏந்தி இன்னொரு பக்கம் விடுவாள். மற்றவர்கள் ஒரு ஈத்தில் ரெண்டை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கழித்துவிடுவார்கள். அவள் எல்லாவற்றுக்கும் வீடு பார்ப்பாள். விலைக்குக் கொடுக்க மாட்டாள். வாங்குகிறவர் குட்டியைத் தன் உடம்போடு அணைத்து நடந்தே கொண்டுபோக வேண்டும். வண்டி கூடாது, பஸ் கூடாது. போகிற தூரமெல்லாம் குட்டிக்கு அந்த ஆளின் வேர்வை வாசம் ஏற வேண்டுமாம்.

"ஏந்தங்கச்சி, எங்க லாரியில ஏத்துனா நாய் நாயா இருக்காதா?" என்று நான் கேட்டிருக்கிறேன்.

"இருக்கும்ணே. லாரி நாயா இருக்கும்" என்றாள்.



எங்கள் பக்கத்தில் பங்குனி மாசம் மாரியம்மன் சாட்டுத் திருவிழா முடிந்த மறுநாள் முயல் வேட்டை. ஏழெட்டு ஊர் ஆண்கள் கல்லும் புதருமான கரட்டடிக்கு வந்து தூறு தூறாகக் கம்பால் அடித்துக் கலைப்பார்கள். முயல் எழுந்தால் நாயை அவிழ்ப்பார்கள். பத்து நாய் ஓடுகிற இடத்தில், பிடித்தது என் நாய், உன் நாய் என்று சண்டை வரத்தானே செய்யும். அதற்கு அந்தக் காலத்திலேயே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். நாய் முயலைக் கொண்டுவந்து யார் காலடியில் போடுகிறதோ அவருக்குத்தான் முயல். வேறு பேச்சுக் கிடையாது. முதல் முயலுக்கு உரியவருக்குக் கோயில் சார்பில் சிவப்புத் துண்டால் தலைப்பாகை கட்டுவார்கள். அவ்வளவுதான் பரிசு. ஆனால் வருசம் முழுக்க டீக்கடையில் அந்த ஆளுக்கு முதல் பெஞ்சு.

மலைச்சாமி மூன்று வருசம் தொடர்ந்து அந்தத் துண்டைக் கீழூர் கண்ணுசாமியிடம் விட்டுவிட்டான். கண்ணுசாமி குட்டி வளர்க்கிற ஆளில்லை. சாத்தூர், சங்கரன்கோவில் பக்கம் ஆள் அனுப்பி, வேட்டை பழகின பெரிய நாயாகப் பிடித்து வருவான்.

இங்கேதான் நான் வாயைக் கொடுத்தேன். சாத்தூருக்கு வெங்காய லோடு போகிறவன் நான். அங்கே இந்த நாய்களைப் பார்த்துப் பார்த்துக் கண் கெட்டுப்போயிருந்தது. மலைச்சாமியிடம் சொன்னேன்: "மாப்ளே, குட்டிங்கறது வெத வெங்காயம். மொளைக்கிற வரைக்கும் என்னன்னு தெரியாது. வளந்த நாய் மூட்டையப் பிரிச்சுக் கொட்டுன வெங்காயம். அழுகல் இருந்தா கண்ணுக்குத் தெரிஞ்சுபோகும்."

வீட்டுக்குள்ளிருந்து சிவனம்மாள் குரல் வந்தது. "அழுகல் தெரியும்ணே. யாரு தோட்டத்துல வெளஞ்சதுன்னு அதுக்குத் தெரியுமே, அதுக்கு என்ன செய்வீக?"

நாங்கள் ரெண்டு பேரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஐம்பத்தேழு மாசி மாசம், சாத்தூர்ப் பக்கத்துப் பெரிய வீடு ஒன்றிலிருந்து ஒரு கடுவன் நாயைக் கொண்டுவந்து இறக்கினேன். ஜமீன் என்று பெயர். பேருக்கு ஏற்ற மாதிரிதான் இருந்தது. நெஞ்சுக்கூடு இறங்கி, வயிறு ஒட்டி, நடந்தால் தரையில் கால் படுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். மலைச்சாமி அதைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தான். அப்போது வீட்டில் கன்னியின் பேத்தி மயிலை எட்டு மாசக் குட்டி. சாம்பல் நிறம், சரியான ஒல்லி. அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வேட்டையன்றைக்கு ஜமீன் ஓடின ஓட்டத்தை நான் இன்னும் மறக்கவில்லை. கண்ணுசாமியின் நாய்கள் பாதி வழியில் நிற்க, இது முயலைத் தூக்கிவிட்டது. நாங்கள் துண்டை வீசிக் கத்தினோம். ஜமீன் முயலைக் கவ்விக்கொண்டு நிமிர்ந்தது. எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தது. பிறகு தெற்கே திரும்பி, அவசரமில்லாமல் ஓட ஆரம்பித்தது. மலைச்சாமி கூப்பிட்டான். நான் கூப்பிட்டேன். அது போய்க்கொண்டே இருந்தது.

ரெண்டு நாள் கழித்துக் காந்திகிராமத்துக்குப் பக்கத்தில் மதுரை ரோட்டோரப் புளியமரத்தடியில் அதைக் கண்டுபிடித்தேன். கால் நாலும் வெடித்திருந்தது. சாத்தூரை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது. லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். சிவனம்மாள் மஞ்சளும் விளக்கெண்ணெயும் குழைத்து அதன் காலில் போட்டாள். என்னை அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அது மேல தப்பே இல்லண்ணே. பிடிச்சதை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கு" என்றாள். "கால் ஆறுனதும் கொண்டுபோய் அங்கயே விட்ருங்க."

விட்டுவிட்டு வந்தேன். பெரிய வீட்டு வாசலில் இறக்கியதும் அது உள்ளே ஓடின ஓட்டம் வேட்டை ஓட்டத்தைவிட வேகம். வெட்கமாக இருந்தது.

மலைச்சாமி மட்டும் வேறு பாடம் படித்தான். ஒரு மாசம் பத்தாது, அடுத்த தடவை ஆறு மாசம் முன்னாடியே பெரிய நாயை இறக்கிவிட வேண்டும் என்றான். வீட்டில் மூணு நாய்க்குக் கூழ் ஊற்ற முடியாது, கன்னியின் மகளையும் மயிலையையும் யாருக்காவது தள்ளிவிடு என்றான். சிவனம்மாள் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் புருசனிடம் ஒற்றைக்காலில் நின்றாள். ஒரே ஒரு வருசம் கேட்டாள்.

மலைச்சாமி என்னைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு சொன்னான்: "அடுத்த பங்குனியில மயிலை மொத முயலைப் பிடிக்கணும். இல்லைன்னா தாயும் மகளும் மச்சான் லாரியில ஏறும். அதுக்கப்புறம் இந்த வீட்டுல குட்டிங்கற பேச்சே இருக்கக் கூடாது."

அவள் சரி என்றாள். பத்து வருசமாக அவள் கையில் வளர்ந்த வம்சம். பிறந்த வீட்டிலிருந்து வந்ததில் குடம் நசுங்கிவிட்டது, பாய் கிழிந்துவிட்டது. மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

அந்த ஒரு வருசமும் வாரத்துக்கு ரெண்டு தடவை நான் அந்த வழியாகப் போவேன். பார்த்ததைச் சொல்கிறேன். விடியற்காலையில் பூப்பறித்து முடித்ததும், பழைய சேலைத் துணியை முயல் அளவுக்குச் சுருட்டிக் கட்டி உழவுக்காட்டுக்குள் வீசுவாள். மயிலை பாய்ந்து கவ்வி வந்து அவள் காலடியில் போடும். போட்டால் ஒரு கை கேப்பைக்கூழ். போடாமல் வைத்துக்கொண்டு விளையாடினால், அவள் பாட்டுக்குத் திரும்பிப் பூக்கட்ட உட்கார்ந்துவிடுவாள். அடிக்க மாட்டாள், அதட்ட மாட்டாள். அது கொஞ்ச நேரம் முழித்துவிட்டுத் தானாக வந்து போடும். ஆறு மாசத்தில் துணி எங்கே விழுந்தாலும், கிணற்றுக்கு அந்தப் பக்கம் அவள் ஒளிந்து நின்றாலும், தேடி வந்து காலடியில் போட்டது.

"நீங்க ஒரு தரம் வீசிப் பாருங்க" என்று மலைச்சாமியைக் கூப்பிட்டாள். என் காதால் கேட்டேன், மூன்று நான்கு தடவை.

"அதெல்லாம் வேட்டையன்னைக்குப் பாத்துக்கிருவோம். நாய் பொம்பளை வளத்தா என்ன, ஆம்பளை அவுத்துவிட்டா ஓடாதா?" என்றான். நானும் ஆமாம் போட்டேன்.

ஐம்பத்தெட்டுப் பங்குனி. கரட்டடியில் நூறு பேருக்கு மேல். கோயில் காரியம் பார்க்கிற பெரியகருப்பன் சிவப்புத் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்திருந்தார். பெண்கள் வேட்டைக்கு வருகிற வழக்கம் இல்லை. சிவனம்மாள் ஒன்றரை மைலுக்கு அப்பால் கனகாம்பரக் கொல்லையில் நின்றாள். மலைச்சாமி மயிலையின் கயிற்றைப் பிடித்திருந்தான்.

முதல் முயல் வடக்கே எழுந்தது. கண்ணுசாமியின் ரெண்டு நாயும் முன்னால் போயின. முயல் திரும்பின திருப்பத்தில் அவை நேரே போய்விட, மயிலை அதே வேகத்தில் வளைந்தது. உழவுக்காட்டுச் சாலில் ஓடிப் பழகின கால். நாலே பாய்ச்சலில் பிடித்துவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்காமல் சொல்கிறேன்.

மலைச்சாமி முன்னால் ஓடி ரெண்டு காலையும் அகட்டி நின்றான். "மயிலே, வா, வா" என்றான். முயலோடு மயிலை வந்தது. நேராக அவனிடம் வந்தது. வந்த வேகத்தில் அவனைச் சுற்றிக்கொண்டு, கூட்டத்துக்குள் புகுந்து, பெரியகருப்பன் உட்கார்ந்திருந்த பாறையையும் தாண்டி, ஊர்ப்பக்கம் ஓடிவிட்டது.

போன வருசத்து ஜமீனை எல்லோருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். கொல்லென்று சிரித்தார்கள். பிறகு வழக்கப்படி முயல் யாருக்கு என்று முடிவாக வேண்டுமே, எல்லோருமாகப் பின்னால் போனோம். நூறு ஆண்கள் கம்பும் கையுமாக ஒரு கனகாம்பரக் கொல்லையின் வரப்பில் வந்து நின்றோம். சிவனம்மாள் பூக்கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். முயல் அவள் காலடியில் கிடந்தது. மயிலை பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கை கூழுக்காக அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மலைச்சாமி, ஒங்க வீட்டுல வேட்டைக்காரன் யாருப்பா?" என்றான் கண்ணுசாமி.

பெரியகருப்பன் குனிந்து முயலைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நாய் யாரு காலடியில போட்டுச்சோ அவுக முயலு. பொம்பளைக்குத் துண்டு கட்டுற வழக்கம் நமக்குக் கெடையாது. அதுக்காக நாய்கிட்டப் போயி வழக்கா பேச முடியும்?" துண்டைக் கொண்டுபோய் அவள் பூக்கூடை மேல் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

மலைச்சாமி அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. சாயந்தரம் என்னிடம் வந்தான். "நாளைக்கு லோடு எப்ப மச்சான் கெளம்புது? ரெண்டு நாயையும் ஏத்திக்க."

"மொத முயலைப் பிடிக்கணும்னுதான மாப்ளே பேச்சு? பிடிச்சிருச்சுல்ல?"

"பிடிச்சுச்சு. என்னையத் தாண்டிக்கிட்டு ஓடுச்சு மச்சான். நான் கூப்புடுறேன், ஏறிட்டுக்கூடப் பாக்கலை. ஊரே பாத்துச்சு." அவன் குரல் உடைந்தது. கோபம் என்று நினைத்திருந்தேன். அது கோபம் இல்லை.

சிவனம்மாள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்தாள். "வெறுத்துப்போயி ஓடலை. ஒங்களை அதுக்குத் தெரியாது. அம்புட்டுத்தான். ஒரு மண்டலம் பொறுத்துக்கங்க. மயிலை ஒங்க காலடியில கொண்டாந்து போடும். போடலைன்னா நானே லாரியில ஏத்திவிடுறேன்."

மறுநாளிலிருந்து அந்த வீட்டில் எல்லாம் தலைகீழ். கூழை மலைச்சாமிதான் கரைத்தான். அவன் பழைய வேட்டியைத்தான் முயலாகச் சுருட்டினார்கள், அவள் சேலைத்துணியை அடுப்பில் போட்டுவிட்டாள். தொடக் கூடாது, கூப்பிடக் கூடாது, முகம் பார்க்கக் கூடாது என்று தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டாள். மயிலை மூன்று நாள் மலைச்சாமி வைத்த சோற்றைத் தொடவில்லை. அடுப்படி வாசலில் படுத்து முனகியது. அவள் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் போனபோது, "நாலாம் நாள் திங்கும்ணே. எனக்குத் தெரியும்" என்றாள். கண் வீங்கியிருந்தது.

நாலாம் நாள் தின்றது. ஆனால் வேட்டித்துணியைக் கவ்வினால் நேரே பூக்கொல்லைக்குத்தான் ஓடும். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். அது முன்பக்கம் சுற்றி வரும். அவள் மறுபடி திரும்பிக்கொள்வாள். இப்படியே தினமும். அதட்டுவதற்கு வாய் திறந்த மலைச்சாமியைக் கையைக் காட்டி நிறுத்துவாள். அவனும் மாறித்தான் போயிருந்தான். முன்பெல்லாம் நின்றுகொண்டே நாயை விரட்டுகிறவன், இப்போது மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கூழ்ச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அரைமணி நேரம் சும்மா காத்திருந்தான். ஒருநாள் அது துணியோடு ரெண்டு பேருக்கும் நடுவில் வந்து, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் படுத்துக்கொண்டது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டேன்.

முப்பத்தாறாம் நாள் நான் போனபோது காலை வெயில் ஏறியிருந்தது. மலைச்சாமி துணியை வீசினான். மயிலை போய்க் கவ்வியது. பூக்கொல்லைப் பக்கம் நாலடி ஓடியது. நின்றது. அவள் முதுகைப் பார்த்தது. அப்புறம் திரும்பி வந்து, மலைச்சாமியின் காலடியில் துணியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தது.

மலைச்சாமி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். "மச்சான், பாத்தியா" என்றான், சின்னப் பிள்ளை மாதிரி. "பாத்தியா சிவனு" என்று கொல்லையைப் பார்த்தும் கத்தினான்.

அவள் திரும்பவில்லை. குனிந்து பூப்பறித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அந்தப் பாத்தியில் பூ எல்லாம் விடிகாலையிலேயே பறித்தாகிவிட்டது. வெறும் செடியில் அவள் விரல் நடந்துகொண்டிருந்தது. நான் வண்டிக்குத் திரும்பிவிட்டேன்.

அடுத்த பங்குனியில் மயிலை முதல் முயலை மலைச்சாமி காலடியில் போட்டது. புதுத் துண்டு கட்டிக்கொண்டு வந்தான். அந்த வீட்டில் குட்டி வேண்டாம் என்கிற பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. சிவனம்மாளின் பூக்கூடை மேல் பெரியகருப்பன் வைத்துவிட்டுப் போன பழைய துண்டு இருக்கிறதே, அதில்தான் மயிலையின் முதல் ஈத்து ஆறு குட்டிகளும் படுத்து வளர்ந்தன.

அறுபதில் அதன் ரெண்டாம் ஈத்தின்போது நான் போய் ஒரு குட்டி கேட்டேன். கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. சிவனம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சுளகில் விளிம்பு வரை வந்து திரும்பின ஒன்றைத் தூக்கிக் கொடுத்தாள்.

"நடந்து போகணும்ணே. லாரி கூடாது."

"சரி தங்கச்சி."

"மொத நாள்ல இருந்து நீங்களே சோறு வைங்க. மதினி கையில விட்டுட்டு லோடு ஏத்தப் போயிராதீக." குட்டியின் காதை ஒருதரம் தடவிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். "நடுவுல கை மாத்துனா அதுக்கும் கஷ்டம், மத்தவுகளுக்கும் கஷ்டம்."

மலைச்சாமி கொல்லையிலிருந்து சீட்டி அடித்தான். அடுப்படி நிழலில் படுத்திருந்த மயிலை எழுந்து, எங்களைத் தாண்டி அவனிடம் ஓடியது. அவள் அதைப் பார்க்கவில்லை. "வெயிலுக்கு முன்னாடி கெளம்புங்கண்ணே" என்றாள். நான் குட்டியைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன்.